பம்பு ரூமுக்குள் ஒரு நோம்பி

எங்கள் ஊர்ப் பேரூராட்சிப் பூங்காவின் வாசலில் ஒரு தகரப் பலகை தொங்குகிறது. பூப்பறிக்கிற நோம்பியன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்று அதில் எழுதியிருக்கும். அப்படி ஒரு பலகை வைக்க வேண்டும் என்று அலுவலகத்துக்கு நடையாய் நடந்து சாதித்தவன் நான். அந்தப் பலகை வந்தபின் அதை மீறி உள்ளே மாட்டிக்கொண்ட முதல் ஆளும் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். என் கதையில் வேட்டியும் இல்லாமல் போனதுதான் விசேஷம்.

பூங்கா என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சோமனூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, குளத்தங்கரையை ஒட்டிய ஒரு துண்டு நிலம். சுற்றிலும் கல் பதித்த நடைபாதை, நடுவில் புல், யானையின் தும்பிக்கை வழியாக இறங்குகிற ஒரு சறுக்குமரம், கை கால்களை ஆட்டுவதற்கு மஞ்சளும் நீலமும் அடித்த இரும்புச் சாமான்கள். பின்பக்கம் வேப்ப மரத்தடியில் சங்கிலி போட்ட தூரிகள். ஊஞ்சலை எங்கள் பக்கம் தூரி என்றுதான் சொல்லுவோம். அந்தத் தூரிகளுக்கு எதிரே, செடிவேலியை ஒட்டினாற்போல், பம்பு ரூம். இவ்வளவுதான் பூங்கா.

பீளமேட்டில் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்தவன் நான். ஓய்வு பெற்று ஊரோடு வந்து சேர்ந்தபின் அதிகாரம் செய்வதற்கு எனக்கு மிஞ்சியது இந்தப் பூங்காதான். நடக்கிறவர்கள் எல்லோரும் ஒரே திசையில் சுற்ற வேண்டும் என்பேன். புல்லில் கால் வைத்தால் கூப்பிட்டுச் சொல்லுவேன். "ஏனுங்க, பாதை இருக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா?" என்று ஊர்ப் பெரியவர்களையே கேட்டிருக்கிறேன். கடைசியில் ஒரு ‘ங்க’ போட்டுவிட்டால் யாரை வேண்டுமானாலும் திட்டலாம் என்பது எங்கள் கொங்குப் பேச்சில் உள்ள ஒரு வசதி. நான் வருவதைப் பார்த்துச் சிலர் பெஞ்சிலிருந்து எழுந்து நடக்கத் தொடங்குவார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பூப்பறிக்கிற நோம்பி; பண்டிகையை நாங்கள் நோம்பி என்போம். முன்பெல்லாம் முறுக்கும் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயமும் கட்டிக்கொண்டு, ஆவாரம்பூப் பறிக்கக் காட்டுப் பக்கம் போவார்கள். பறித்த பூவை நடுவில் குவித்துக் கும்மியடித்து, பலகாரத்தைப் பகிர்ந்து தின்று, பொழுதோடு திரும்புவார்கள். அந்தக் காடெல்லாம் சைட்டாகி, சைட்டெல்லாம் வீடாகி, இப்போது எல்லோரும் பூங்காவுக்கு வருகிறார்கள். ஒரு வருடம் நாலைந்து இளவட்டங்கள் செல்போனை நீட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குப் போட்ட சண்டையில் வந்ததுதான் அந்தப் பலகை. என் மனைவியும் அந்த நோம்பிக்குப் போகிறவள்தான் என்பது அப்போது எனக்கு ஞாபகம்கூட இல்லை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகம் பேசாதவள். கேட்டதற்குப் பதில் சொல்லுவாள், சொன்னதைச் செய்வாள். சிரித்தாலும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான். அவள் சுபாவமே அப்படி என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து நம்பியிருந்தேன். அமைதியான மனைவி கிடைப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மில்லில் கூட வேலை பார்த்தவர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

போன வருடம் நோம்பியன்று, சோமனூரில் சிநேகிதர் வீட்டில் மதியச் சாப்பாடு என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவள் அடுப்படியில் கச்சாயத்தை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பூங்கா வழியாகத்தான் போக வேண்டும். கேட்டில் இருக்கிற அம்மா கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். பெருக்குவது, பூட்டுவது, திறப்பது எல்லாம் அந்த அம்மாதான்.

"அண்ணா, டேங்குல சொட்டுத் தண்ணியில்லீங்க. மோட்டார் போடறவரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டாரு. இத்தன பொம்பளைக வருவாங்க, கை கழுவக்கூடத் தண்ணியில்லீனா என்ன பண்றதுங்க?"

மோட்டார் என்ற வார்த்தை காதில் விழுந்தால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். வண்டியைப் பின்வாசலுக்கு வெளியே நிறுத்தி, போனை வண்டிப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். "சித்த நேரத்துல முடிச்சுப் போடறேன். பின்னாடி குப்பை வண்டி வாசல் வழியா வெளிய போயிக்கறேன். நீங்க போய்ச் சாப்பிட்டுப்போட்டு வாங்க" என்று அந்த அம்மாவையும் அனுப்பிவிட்டேன்.

மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. குழாயில் காற்று அடைத்திருந்தது. மேல் மூடியைக் கழற்றி, மூலையில் டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி நிரப்பினேன். அதன்பின் மூடியை முழுக்கத் திருகாமலே சுவிட்சைப் போட்டேன். மில்லில் புதிதாய் வருகிற பயல்கள் இந்தத் தப்பைச் செய்தால் அவர்கள் பரம்பரையையே இழுத்துப் பேசியிருக்கிறேன். மூடி தெறித்தது. துருவும் சேறும் கலந்த தண்ணீர் மார்பிலிருந்து கீழே என்னைக் குளிப்பாட்டிவிட்டது.

மூடியைத் திருகி மோட்டாரை ஓடவிட்டேன். தண்ணீர் டேங்குக்கு ஏறத் தொடங்கியது. பிறகு வேட்டியை அவிழ்த்து, அலசிப் பிழிந்து, வெளியே செடிவேலியின் மேல் வெயிலில் விரித்தேன். தீபாவளிக்கு முன்னால் அவள் இஸ்திரி போடும்போது கரையோரத்தைச் சுட்டுவிட்ட வேட்டி அது. பெட்டியின் மூக்கு பட்ட இடத்தில் பழுப்பாக ஒரு தழும்பு இருக்கும். அதற்கு உறம்பறை வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னாலேயே அவளை நான் பேசாத பேச்சில்லை. அதன்பின் அந்த வேட்டியை விசேஷங்களுக்குக் கட்டாமல் சும்மா வெளியே போகும்போது கட்டிக்கொள்வேன். ஈரச் சட்டையோடும் கோடு போட்ட டிராயரோடும் உள்ளே வந்து, வேட்டி காயட்டும் என்று கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தேன். மோட்டார் இரைந்துகொண்டிருந்தது.

டேங்கு நிரம்பி மேலே குழாயில் வழிகிற சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினேன். அப்போதுதான் வெளியே பேச்சுக் குரல்கள் கேட்டன. மற்ற நாளாயிருந்தால் ஊர் விசைத்தறிச் சத்தத்தில் பக்கத்தில் பேசினாலே காதில் விழாது. பொங்கலுக்குத் தறிகள் ஓடவில்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. எல்லாம் பெண்கள். பலகையில் போட்டிருக்கிற பன்னிரண்டு மணிக்கு அவர்கள் ஏன் காத்திருக்கப் போகிறார்கள். அது ஆண்களுக்குத்தான்.

கதவை ஒரு விரல் கடைக்குத் திறந்து பார்த்தேன். வேட்டி கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அதற்குப் பக்கத்திலேயே ஜமுக்காளம் விரித்துக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டேன்.

அந்த நிமிடம் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்திருக்க வேண்டும். "ஏனுங்க, மோட்டார் பாக்க வந்தனுங்க, நனைஞ்சு போச்சு, அந்த வேட்டிய எடுத்துக் கொஞ்சம் கதவுகிட்டப் போடுங்க" என்றால் தீர்ந்தது. கொஞ்சம் சிரித்திருப்பார்கள். ஒரு வாரம் ஊருக்குள் பேச்சு ஓடியிருக்கும். ஆனால் பலகை வைத்த மனுசன், புல்லில் கால் வைத்தவர்களை எல்லாம் விரட்டின மனுசன், கோடு போட்ட டிராயரோடு பம்பு ரூமுக்குள் நிற்கிறான் என்று தெரிந்தால் அப்புறம் இந்தப் பூங்காவுக்குள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவேன். இன்னும் சித்த நேரம் பார்க்கலாம், இடம் மாறிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஆனபின், இவ்வளவு நேரம் ஏன் பேசாமல் இருந்தாய் என்ற கேள்வி சேர்ந்துகொண்டது. நேரம் ஆக ஆக அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போயிற்று. திருடனுக்குத் தேள் கொட்டினது போல உட்கார்ந்திருந்தேன்.

சுவரில் காற்றுக்காக ஓட்டை ஓட்டையாகச் சிமெண்டு ஜன்னல் ஒன்று உண்டு. அதற்கு முதுகைக் காட்டி, மோட்டாரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். பெண்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட ஒரு பொழுதைப் பார்க்கக் கூடாது என்ற புத்தி அப்போதும் எனக்கு இருந்தது. அந்த மட்டில் மானம் மிச்சம் இருந்தது என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். ஆனால் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது.

தூரிச் சங்கிலி கிறீச்சிட்டது. யாரோ ஒரு பெண் சிரித்தாள். வாய்விட்டு, மூச்சு முட்ட, நடுவில் ஒரு விக்கலும் சேர்ந்து வருகிற சிரிப்பு. யாரோ ஒரு சின்ன வயசுப் பெண் என்று நினைத்தேன். கேட்கவே நன்றாயிருந்தது. நானும் அந்த இருட்டுக்குள் லேசாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"அக்கா, இன்னும் ஒசக்கத் தள்ளட்டுங்களா?" என்று ஒரு குரல் கேட்டது.

"தள்ளு கண்ணு. உழுந்தா என்ன, கீழ மண்ணுதான?" என்று அந்தச் சிரிப்பு பதில் சொன்னது.

அது என் மனைவியின் குரல்.

எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். எழுந்தது கூட எனக்குத் தெரியவில்லை. தூரிப் பலகைமேல் நின்றுகொண்டு ஆடினாள். சேலையைக் கெண்டைக்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். கொண்டையில் ஆவாரம்பூக் கொத்து. மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலி என்று சுவரைப் பிடிக்கிறவள், முழங்காலை மடக்கி மடக்கி உந்தி வேப்பங்கிளைக்குக் கிட்டத்தில் போய் வந்தாள். பக்கத்து வீதிப் பெண் ஒருத்தி பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தாள். என் மனைவிக்கு இப்படி ஒரு முகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது.

தூரியை விட்டு இறங்கி அவள் மூச்சு வாங்கி நின்றபோது, தள்ளின பெண் கையைத் தட்டிக் கூப்பாடு போட்டாள். "அக்கா, இப்ப நம்ம மில்லுக்காரரை எறக்குங்க. போன நோம்பிக்குச் சிரிச்சதுல எனக்கு ரெண்டு நாளு வகுறு வலிங்க."

"வருசா வருசம் அதேயா? வேற யாராச்சும் எதாச்சும் பண்ணுங்க அம்மணி."

"அதெல்லாம் ஆகாதுங்க. மில்லுக்காரரு வந்தாத்தான் நோம்பி. இங்க பாருங்க, வேசத்துக்கு வேட்டியே வந்துருக்குது. யாரோ காயப் போட்டுப்போட்டு மறந்துட்டுப் போயிருக்கறாங்க."

மில்லுக்காரர் யார் என்று எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. அந்தப் பெண் செடிமேலிருந்து என் வேட்டியை எடுத்து என் மனைவியின் தோள்மேல் போட்டாள். அவள் அதைச் சேலைக்கு மேலேயே சுற்றி, ஒரு கையால் தூக்கி மடித்துக் கட்டினாள். கட்டி முடித்து நிமிர்ந்தபோது கழுத்து கொஞ்சம் முன்னால் வந்து, வயிறு கொஞ்சம் இறங்கி, முகவாய் மேலே தூக்கியிருந்தது. அங்கே நின்றது அப்படியே நான்.

முதலில் இரண்டு முறை தொண்டையைச் செருமினாள். வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று நான் செருமுவது. சாவி என் பையிலேயே இருந்தாலும் அவள் வந்து திறக்க வேண்டும் என்பதற்காகச் செருமுவது. அந்தச் செருமலுக்கே பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு யானைச் சறுக்குமரத்தின் கால்மேல் ஒரு விரலை ஓட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தூசி ஒட்டின விரலை எல்லோர் முகத்துக்கும் நேராக ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசுவதில்லை. விரலை மட்டும்தான் காட்டுவேன்.

பிறகு போன் வந்தது போல உள்ளங்கையைக் காதில் வைத்தாள். "சொல்லுங்க சார். ஆமாங்க சார். அடடா, அதுக்கென்னங்க, நான் இருக்கறனுங்க. ஊட்டுல எல்லாரும் சவுரியங்களா? வெச்சுடட்டுங்களா?" என்று குழைந்தாள். இடுப்புவரை வளைந்துவிட்டாள். போனை வைத்ததும் அப்படியே திரும்பி, மில்லில் கத்திப் பழகின என் குரலில், "ஏய், தண்ணி எங்கடி?" என்றாள்.

சிரிப்பு பம்பு ரூம் சுவரில் வந்து மோதியது. உலகத்துக்கெல்லாம் ‘ங்க’ போட்டுவிட்டு வீட்டு வாசலில் செருப்போடு அதையும் கழற்றிவிட்டுத்தான் நான் உள்ளே போகிறேன். இது எனக்குத் தெரியாது. ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, வருடாவருடம் தெரிந்திருக்கிறது. காலையில் பூங்காவில் எனக்கு வணக்கம் வைக்கிற பெண்கள் அங்கே பாதிப் பேர் இருந்தார்கள். "வாக்கிங் வந்துட்டீங்களாண்ணா" என்று கேட்டபின் அவர்கள் உதட்டைக் கடிப்பது எதற்கு என்று அப்போது புரிந்தது. காதுமடல் எரிந்தது. ஒரு கணம் கோபமும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். டிராயரோடு நிற்கிறவன் யார்மேல் கோபப்படுவது. அது வந்த வழியே போய்விட்டது. அதற்குப்பின் வெட்கம் மட்டும்தான் இருந்தது.

"இஸ்திரி, இஸ்திரி" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அந்த வருடம் புதிதாகச் சேர்த்தது போலிருக்கிறது. வரும் வழியிலேயே சொல்லி வைத்திருப்பாள். அவள் இடுப்பில் கையை வைத்தாள். வேட்டியின் கரையை இன்னொரு கையால் தூக்கி, மூக்குக்குக் கிட்டத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கினாள்.

"ஒரு வேட்டி தேய்க்கத் துப்பில்ல. உன்னையெல்லாம் என்ற மில்லுல வெச்சிருந்தா மில்லே பத்திட்டு எரிஞ்சிருக்குமடி. எங்க சுட்டிருக்கற பாரு. பாரு, இதென்ன?"

சுட்ட இடத்தைக் காட்டுவது போல ஆட்காட்டி விரலைக் கரையில் வைத்தாள். விரலுக்குக் கீழே அந்தப் பழுப்புத் தழும்பு இருந்தது.

அவள் அப்படியே நின்றாள். பெண்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் நடிப்பு என்று நினைத்தார்கள். கட்டைவிரலால் தழும்பை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். வேட்டியின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெல்ல முகத்தைத் திருப்பி, பம்பு ரூம் கதவையும், வெளிப்பக்கம் பூட்டில்லாமல் தொங்கின கொண்டியையும் பார்த்தாள். ஜன்னல் ஓட்டைக்குப் பின்னால் நான் அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் தெரிந்துவிட்டது.

நான் பார்த்தேன். கழுத்து உள்ளே போயிற்று. இடுப்பிலிருந்த கை கீழே இறங்கியது. கை தானாக முந்தானையைத் தேடி எடுத்து வாயை மூடியது. சேலைச் செருகலை இழுத்துக் கணுக்கால்வரை விட்டாள். எனக்குத் தெரிந்த மனைவி திரும்ப வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் இத்தனை காலமாக இருப்பது இந்த முகம்தான். இது அவள் சுபாவம் இல்லை, நான் இருப்பதால் வருவது என்று என் கண்ணெதிரே தெரிந்தபோது, இந்தப் பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. டிராயரோடு அத்தனை பேர் முன்னால் போய் நின்றிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

"அப்பறம் என்னங்க்கா? அவரு காப்பி கேக்கறதையும் பண்ணிக் காட்டுங்க."

"போதும் அம்மணி. மூச்சு வாங்குது" என்றாள். வேட்டியை அவிழ்த்தாள். வீட்டில் மடிப்பது போலவே நாலாக மடித்தாள். "இங்க வெயிலு ஏறீருச்சு. அக்கட்ட யானைகிட்ட நெழலா இருக்குது. எல்லாரும் பலகாரத்தை எடுத்துட்டு அங்க வாங்க, கும்மியடிக்கலாம்" என்றாள்.

ஜமுக்காளம், டப்பா, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டு பெண்கள் நகர்ந்தார்கள். அவள் கடைசியாக நின்றாள். பம்பு ரூம் படியில் வேட்டியை வைத்தாள். கதவைப் பார்க்கவில்லை. காற்றில் பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

ஈர வேட்டியைக் கட்டிக்கொண்டு குப்பை வண்டி வாசல் வழியாக வெளியேறினேன். கும்மிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தேன். எல்லோரும் பூக்குவியலைச் சுற்றி வட்டமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, டப்பாக்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

பொழுதோடு வீட்டுக்கு வந்தாள். கொண்டையில் பூ இல்லை. ஒரு தட்டில் இரண்டு கச்சாயம் வைத்து என் பக்கத்தில் வைத்தாள். நான் டீவியைப் பார்த்தபடி இருந்தேன். அதில் என்ன ஓடியது என்று கேட்டால் தெரியாது.

"தண்ணி நல்லா வந்துச்சுங்க. டேங்கு நெறைய இருந்துச்சு. எல்லாரும் கை கழுவுனாங்க" என்றாள்.

உள்ளே போனவள் அடுப்படி வாசலில் நின்று, அங்கிருந்தே சொன்னாள். "சும்மா வெளையாட்டுக்குச் செஞ்சதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அவள் கேட்டாள். அதையும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "சரி, சரி" என்றேன். பெரிய மனதோடு மன்னித்தது போல இருந்தது அந்தச் ‘சரி’. சொன்ன உடனே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதன்பின் என் ஒவ்வொரு அசைவும் எனக்கே தெரியத் தொடங்கியது. அலமாரியைத் தாண்டும்போது விரல் தானாக நீளும். மடக்கிக்கொள்வேன். கேட்டில் செருமாமல் நானே திறந்து உள்ளே போனேன். அடுப்படியில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தவள் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். "சத்தம் குடுத்துட்டு வரக்கூடாதுங்களா?" என்றாள். அந்தச் செருமல் அவளுக்கும் தேவைப்பட்டிருக்கிறது. என் செருமல் கேட்டதும் பாட்டை நிறுத்திக்கொள்ள அவளுக்கு அவகாசம் கிடைத்திருக்கிறது. ஒருநாள் "காப்பி குடு கண்ணு" என்று சொல்லிப் பார்த்தேன். பயந்துபோய் நெற்றியில் கையை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள். மறுபடி ஒருநாள் துணிந்து, "அந்த போன் பேசறதை ஒருக்கா செஞ்சு காட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். "எனக்கு என்னங்க தெரியும்" என்று துணி மடிக்கப் போய்விட்டாள். கேட்டு வாங்குகிற பொருளா அது.

இந்த வருடம் போகிக்கு முந்தின நாள் சொன்னாள். "இந்தத் தடவை நோம்பிக்கு நான் போகலீங்க. மொழங்காலு வலிக்குது."

தூரியில் அந்த முழங்காலைப் பார்த்தவன் நான். வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு மதியம், அதிலும் நான் போய் உட்கார்ந்துகொண்டேன். இனி எந்த வருடமும் அந்தப் பம்பு ரூமில் நான் இருப்பேன். உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் இருப்பேன்.

"எனக்கு அன்னிக்கு மேட்டுப்பாளையத்துல சோலி இருக்குது. மில்லுல கூட இருந்தவரு ஊட்டுக்கு வரச் சொல்லிருக்கறாரு. வெடியால போனா ராத்திரிதான் வருவேன்" என்றேன். அப்படி யாரும் வரச் சொல்லவில்லை.

"எந்த பஸ்ஸுக்குங்க போறீங்க?" என்றாள். சொன்னேன். சாப்பிடும்போது மறுபடி கேட்டாள். "அங்கிருந்து திரும்ப எந்த பஸ்ஸுங்க?" அதையும் சொன்னேன். அவள் ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

நோம்பியன்று மதியம் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஊட்டி, கோத்தகிரி என்று கண்டக்டர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். பாக்கு மூட்டை ஏற்றின வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. அவளுக்குப் போன் போட்டேன். "வந்து சேந்துட்டேன்" என்று சொல்லி, போனைக் காதிலிருந்து எடுத்து, கூவுகிற கண்டக்டர் பக்கமாக நீட்டிப் பிடித்தேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவளுக்குச் சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் போய் நீட்டினேன்.

"சரிங்க. பாத்து வாங்க" என்றாள்.

அவள் போனை அணைக்கவில்லை. மறந்துவிட்டாள் போலும். தூரிச் சங்கிலி கிறீச்சிடுவது கேட்டது. வீட்டில் இல்லை, பூங்காவில்தான் இருந்தாள்.

"அண்ணன் எங்கீங்க்கா?" என்று அந்தப் பக்கத்து வீதிப் பெண் கேட்டாள்.

"மேட்டுப்பாளையத்துல இருக்கறாரு. பஸ்ஸு சத்தம் கேட்டுச்சு" என்றாள் என் மனைவி. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, அவள் தொண்டையில், இரண்டு முறை நான் செருமினேன்.

அதற்குமேல் ஒட்டுக் கேட்கவில்லை. போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன். கோயமுத்தூர் பஸ் ஒன்று வந்து நின்றது, உட்கார இடமும் இருந்தது. ஏறவில்லை. பொழுது இறங்க இன்னும் நேரம் இருந்தது.